பெயர் வாசித்தபோது இருக்கேன் என்றவர்கள்

மார்ச் 2, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. குழாயில் தண்ணீர் இல்லை. மறப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன், மாலை ஆறு மணி. செபஸ்தியான் வாத்தியார் வீட்டில் அன்பியக் கூட்டம். இருந்தவர்கள்:

செபஸ்தியான் வாத்தியார்
ரோஸ்லின் டீச்சர் (அவர் மனைவி)
தெரசக்கா (எங்கள் எதிர்வீடு)
பூட்டுக்கடை அந்தோணி
லூர்து (அந்தோணி மனைவி)
ஆரோக்கியம் (தபால் ஆபீஸ், ஓய்வு)
பூக்கடை ஜோசப்
ஸ்டெல்லா (ஏழு மாதம், அவளுக்கு மட்டும் நாற்காலி)
ஸ்டெல்லா மாமியார்
என் வீட்டுக்காரர்
நான்

பதினொரு பேர். பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. வராதது இரண்டு பேர், இருவருக்கும் காய்ச்சல்.

அசல் வருகை நோட்டில் இது அப்படியே இருக்கிறது. நோட்டு என்னிடம் இல்லை. அதனால் வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

அன்பியம் என்றால் பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழு. ஏழு வருடமாக நான்தான் அதன் செயலர். ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்து வந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் கொண்டு வந்து போடும் பேப்பர்களைப் பார்த்து. வாரம் ஒரு வீடு. செபமாலை, வாசகம், கடைசியில் சுண்டல். தொடங்குமுன் நான் பெயர் வாசிப்பேன், ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்பார்கள். வராதவர் பெயருக்கு நேரே கோடு. பள்ளிக்கூடம் மாதிரி என்று ஆரோக்கியம் அண்ணன் கேலி செய்வார். ஆனால் அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாக "இருக்கேன்" என்பார்.

அன்று செபமாலையில் இரண்டாம் பத்து மணியை அவர் (வீட்டுக்காரர்) சொன்னார். மூன்றாவதில் தூங்கி விழுந்தார். தெரசக்கா விலாவில் ஒரு இடி. "ஏப்பா நிருபரே, மாதா பாத்துக்கிட்டே இருக்கா, முழி!" எல்லோரும் சிரித்தோம். அதை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அதே நாள் ஆறரை மணிக்கு, சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் குளத்துக் கரையில் நின்றுகொண்டு அவர் மண் ஒப்பந்தக்காரரிடம் பணம் கேட்டு மிரட்டினாராம். எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான். நான்கு முறை படித்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டு செபமாலை உருட்டிய மனுசன்.

மார்ச் 3, செவ்வாய்

சோறு, ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மனம் இல்லை.

நோட்டு போன கதையையும் எழுதி வைக்கிறேன், என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்வதற்காக.

குளத்துச் செய்தி வந்தது 16ஆம் தேதி. விவசாயிகள் வயலுக்கு வண்டல் அள்ள அனுமதி, ஆனால் லாரி லாரியாகப் போவது கிராவல் மண். இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். ஒப்பந்தக்காரர் ஆளுங்கட்சிக்காரர். என் வீட்டுக்காரர் அதை எழுதினார், படம் போட்டார், லாரி நம்பர் போட்டார். 21 விடியற்காலை போலீஸ் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். செல்போன், கேமரா எடுத்தார்கள். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், தனியாக.

வாசலில் செருப்பைக் கழற்றினார். திருஇருதயப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, அன்னைக்கு அவரு இங்கனதான் இருந்தாருன்னா ஏதாச்சும் ஆதாரம் இருந்தாக் குடுங்க. நானே பாத்து முடிச்சு வுட்டுர்றேன்."

செருப்பைக் கழற்றிய ஆளை நம்பிவிட்டேன்.

பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, ஸ்கேல் வைத்துக் காட்டி, கையில் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்கும் சார், ஏழு வருசமா ஒரு நாள் விட்டதில்ல" என்று பெருமை வேறு. ரசீது கேட்கவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கே நின்று கணக்குப் பார்க்கிறவள், அதைக் கேட்கவில்லை.

மறுநாளில் இருந்து, அந்தப் பக்கத்தில் உள்ள வரிசைப்படியே, ஒவ்வொருவரையும் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டார்கள். வாத்தியார் முதலில். ஸ்டெல்லா மாமியார் கடைசி. என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து.

மார்ச் 4, புதன்

காற்று, புழுதி. துணி இரண்டு தரம் அலச வேண்டியதாயிற்று.

கைது செய்தி வந்த நான்கு பேப்பரையும் தரையில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வரிக்கு வரி ஒன்று. "போலி நிருபர் சிக்கினார்." நான்கிலும் "சிக்கினார்". போலீஸ் கொடுத்த தாளை நால்வரும் அப்படியே போட்டிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் நடுவில் ஒரு பத்தியை முழுங்கிவிட்டார், இடம் பத்தவில்லை போல. நான்கில் ஒன்று அவர் பதினான்கு வருடம் செய்தி கொடுத்த பேப்பர். அதில் மட்டும் கடைசியில் கூடுதலாக ஒரு வரி, கட்டம் கட்டி: இவருக்கும் நமது நாளிதழுக்கும் தொடர்பில்லை.

பதினான்கு வருடம். வெள்ளம் வந்தால் இவர், தேர் ஓடினால் இவர், பஸ் கவிழ்ந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவது இவர்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். அவரோடு பைக்கில் சுற்றுகிற நிருபன், நான்கில் ஒன்று அவன் எழுதியது. வாசற்படிக்கு மேல் ஏறவில்லை.

"அக்கா, கோவப்படாதீங்க. மேல இருந்து போன். நாங்க என்ன செய்ய?"

"உன் பேருல வந்திருக்கே, நீ எழுதுனியா?"

"தாள் குடுத்தாங்க. போட்டோம்."

"உங்க அண்ணன் போலியா?"

தலையைச் சொறிந்தான். அப்புறம் வந்த விசயத்துக்கு வந்தான். "அண்ணன் அந்தச் செய்தி தப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, ஜாமீனுக்கு எதிர்க்க மாட்டாங்களாம். சொல்லிப் பாருங்கக்கா. எல்லாருக்கும் நல்லது."

"யாரு சொல்லி அனுப்புனா?"

"சும்மா... பேச்சுவாக்குல."

பேச்சுவாக்கில் சொன்ன விசயத்துக்குச் சட்டைப்பையில் டைப் அடித்த தாள் இருந்தது. வாங்கிக்கொள்ளவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அந்தச் சொம்பை இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்தேன். இது பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர். சர்க்கரை மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கவில்லையாம். கால் வீக்கம்.

இரு பக்கமும் எல்லோரும் கத்துகிறார்கள், நாங்களும் கத்தினோம்.

"ஜெசிந்தா, கையெழுத்துப் போட்றவா?"

அப்படியானால் அவருக்கும் தாள் போயிருக்கிறது.

"அந்தச் செய்தி தப்பா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கேக்குறீக?"

"காலு வலிக்குதுடி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டுக்கு வரும்வரை தூக்கிக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு ஜாமீன் மனு. மாஜிஸ்திரேட் அம்மா இருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். போன வெள்ளி, அந்த அம்மாதான் அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்டது: "செப நோட்டு ஒண்ணு இன்ஸ்பெக்டர் கையில குடுத்ததா மனுவுல இருக்கே, எங்க அது? அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு வாங்க." குரலை உயர்த்தவே இல்லை. இன்ஸ்பெக்டர் காலை மாற்றி மாற்றி நின்றார். பன்னிரண்டு நாளில் ஒருத்தர் கேட்ட ஒரே கேள்வி அது.

சாயங்காலம் எங்கள் வக்கீல் வசந்தி போன். "அக்கா, அந்தம்மாவ மாத்திட்டாங்க. இன்னைக்கே பொறுப்ப விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாங்க. மாத்துன ஊரு பேரைச் சொன்னா எனக்கே மேப்புல தேடணும்."

அன்பியக் கூட்டத்துக்கு இன்று யாரும் கூப்பிடவில்லை. ஏழு மணிக்கு அந்தோணி வீட்டில் இருந்து செபமாலைச் சத்தம் கேட்டது. பெயர் வாசித்த சத்தம் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால ஒருசந்தி. காலையில் இருந்து தண்ணீர் மட்டும். பத்தரைக்குக் கோர்ட். கூப்பிட்டது மூன்று மணிக்கு.

புது மாஜிஸ்திரேட். ஃபேனைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கவில்லை.

வசந்தி நோட்டைக் கேட்டாள். அரசு வக்கீல்: "அப்படி ஒரு நோட்டு கைப்பற்றல் பட்டியலில் இல்லை." அவ்வளவுதான். பட்டியலில் இல்லையென்றால் உலகத்தில் இல்லை. இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றார், இன்று ஷூ.

அதற்கு அடுத்ததுதான். ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். அன்று மாலை செபக்கூட்டம் எதுவும் நடக்கவில்லை, தாங்கள் யாரும் அங்கே இல்லை என்று ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது பேரும். பெயரை வாசித்தார்கள். வாத்தியார், டீச்சர், தெரசக்கா, அந்தோணி, லூர்து, ஆரோக்கியம், ஜோசப், ஸ்டெல்லா, மாமியார். நான் நோட்டில் எழுதிய அதே வரிசை. இல்லாத நோட்டில் இருந்து எப்படி அந்த வரிசை வந்தது என்று கேட்கத் தோன்றியது. எழுந்தே விட்டேன். டவாலி "உக்காருமா" என்றார்.

மாஜிஸ்திரேட்: "அடுத்த வெள்ளி."

மார்ச் 13. வெளியே வந்து ஒன்றுமில்லாத வயிற்றோடு வாந்தி எடுத்தேன், வேப்பமரத்தடியில். வசந்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கேளுங்க. போலீஸ் எழுதுன வாக்குமூலத்துல அவங்க கையெழுத்து இருக்காது. அது பெரிசில்ல. உங்களத் தவிர ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவரு எங்க கூட இருந்தாருன்னு அபிடவிட் போட்டாப் போதும். இந்த ஆளு முடியாதுன்னாலும் மேல கோர்ட்டுல அதைக் காட்டலாம்."

சாயங்காலம் சிலுவைப் பாதை. பதினான்கு தலத்தில் முதலாவதே இயேசுவுக்குத் தீர்ப்பு. முழங்காலில் நின்றபடி அதிலேயே நின்றுவிட்டேன், மற்ற பதின்மூன்றுக்கும் என் உடம்புதான் நகர்ந்தது.

மார்ச் 7, சனி

தெரசக்கா வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வா ஜெசி. சாப்டியா?"

"அக்கா, அன்னைக்கு நீங்க இருந்தீகளா?"

புடைத்தாள்.

"அவரு விலாவுல இடிச்சீகளே அக்கா."

"இடிச்சேன்டி. யாரு இல்லைன்னா?"

"நீங்கதான் இல்லைன்னிருக்கீக."

முறம் நின்றது. "எம் மகன் பேருக்குப் பட்டா மாத்தணும், ஆறு மாசமா அலையுறோம். அந்த இன்ஸ்பெக்டரு எம் மகன் பேரைச் சொல்லாமலே பட்டாவப் பத்திப் பேசுனான். நான் என்னடி செய்ய? உனக்கு வேணுமின்னா நாப்பது நாளும் ஒருசந்தி இருக்குறேன் உம் புருசனுக்காக."

"ஒருசந்தி வேணாங்க்கா. ஒரு வரி எழுதிக் குடுங்க."

"நீ எதுக்குடி அந்த நோட்டக் குடுத்த? நீ குடுக்காட்டி எங்க பேரு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

திரும்பி வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. எல்லோரையும் விட என்மேல்தான் அருவருப்பு.

எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தோணிக்குக் கடை லைசென்சு. வாத்தியாருக்கு மகன் அரசு வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஜோசப்புக்கு மார்க்கெட்டில் கடை இடம். ஆரோக்கியம் அண்ணனுக்கு என்ன பயம் என்று தெரியவில்லை, பென்சன் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவருக்கும் ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை. எங்கள் பெஞ்சில் நான் மட்டும். பூசை முடிந்து ஃபாதர் கூப்பிட்டார்.

"நான் தினமும் செபிக்கிறேன்மா. ஆனா பங்கு பேரு இதுல வர வேணாம். பள்ளிக்கூட அங்கீகாரம் புதுப்பிக்கிற நேரம். கொஞ்சம் முன்மதியோட இருங்க."

"அன்பியம் பங்குலதானே ஃபாதர் இருக்கு?"

"அது விசுவாசிகள் தாங்களாக் கூடுறது" என்றார். போன கிறிஸ்துமசுக்குச் சிறந்த அன்பியம் என்று கேடயம் கொடுத்தவர் அவர்தான். கேடயத்தை அலமாரியில் இருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். மாதாவே, என் நாக்கைக் காப்பாற்று.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஆறரைக்கு வாசலில் பெருமாள் அண்ணன். குளத்தடியில் இரண்டு ஏக்கர், மல்லிகை. பள்ளம் தோண்டியதில் கிணறு வற்றிவிட்டது, முதலில் அவர்தான் என் வீட்டுக்காரருக்கு விசயம் சொன்னது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து வருகிறார், கோர்ட் வாசலில் நிற்கிறார், போகிறார். இன்று ஒரு பை நிறையப் பூ. மாதா படத்துக்குப் போடச் சொன்னார்.

"தங்கச்சி, ஒரு ஆளு வேணுமின்னு வக்கீலம்மா சொல்லுச்சாமே. நான் இருந்தேன்னு சொல்லிப்புட்டுப் போறேன். அம்புட்டுத்தான?"

"நீங்க அன்னைக்கு இல்லியேண்ணே."

"இருந்தவகெல்லாம் இல்லைங்குறாக. இல்லாதவன் ஒருத்தன் இருந்தேன்னாக் கணக்கு நேராப் போச்சு."

சிரித்துவிட்டேன், பதினேழு நாளில் முதல் தடவை. கையோடு வசந்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் அவரை நிற்க வைத்துக் கேட்டாள்.

"செபமாலையில எத்தனை மணி?"

"நூத்தியெட்டு."

"அண்ணே, அது உங்க மாலை."

"சரி, நீ சொல்லிக் குடு தாயி, படிச்சுக்கிறேன். எங்க தாடிக்கொம்புப் பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

வசந்தி என்னைப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜாமீனுக்குத்தானே, யார் போய்ச் செபமாலையில் பரீட்சை வைக்கப் போகிறார்கள் என்பது போலப் பார்த்தாள். வீட்டுக்காரர் கால் வீக்கத்தை நினைத்தேன். ஒரு நிமிசம், முழுதாக ஒரு நிமிசம், சரி என்று சொல்ல வாய் வந்தது.

ஆனால் பெருமாள் அண்ணன் பெயரை அன்று நான் வாசிக்கவில்லை. எழுதாத பெயரை எழுதினால் அந்த நோட்டும் பொய்யாகிவிடும், இன்ஸ்பெக்டர் சொல்வது மெய்யாகிவிடும்.

"வேணாண்ணே" என்றேன். "குளத்தப் பத்தி மட்டும் எழுதிக் குடுங்க. அது நீங்க பாத்தது."

"அதுக்குப் பத்துப் பேரக் கூட்டியாரேன்" என்றார். முகம் வாடித்தான் போனது. பஸ்சுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

திரும்பும்போது தெருமுனையில் ஸ்டெல்லா, கையில் பால் பாத்திரம். என்னைப் பார்த்து நின்றாள். மாமியார் உள்ளிருந்து "ஏய் ஸ்டெல்லா!" என்றதும் போய்விட்டாள். ஏதோ சொல்ல வந்தாளா, வயிற்றுப் பாரத்தில் மூச்சு வாங்க நின்றாளா, தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

மேகம், மழை இல்லை. இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது.

ஜெயிலில் இருந்து வந்த ஒருவர் மூலம் அவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்குள் யாராவது வந்தால் சரி. வராவிட்டாலும் சரி. சுடுசோறு ஞாபகமாகவே இருக்கிறது." வராவிட்டாலும் சரி என்பதில் பேனா அழுத்தி எழுதி, தாள் கிழிந்திருக்கிறது.

வீடு வீடாகப் போய்க் கேட்டால் அரிசி புடைக்கிறார்கள். அதனால் எழுத்தில். ஒன்பது கடிதம், ஒரே மாதிரி, கார்பன் வைக்காமல் ஒவ்வொன்றும் கையால். இம்முறை நகல் என்னிடம் இருக்கட்டும். இன்று சாயங்காலம் நானே கையில் கொடுப்பேன், கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்குவேன்.

அன்புள்ளவருக்கு,

பிப்ரவரி 19 வியாழன் மாலை ஆறு மணிக்குச் செபஸ்தியான் வாத்தியார் வீட்டில் நான் உங்கள் பெயரை வாசித்தேன். நீங்கள் இருக்கேன் என்று சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் பெயரையும் வாசித்தேன், அவரும் சொன்னார், உங்கள் காதில் விழுந்தது. உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் போலீஸ் கையில் கொடுத்தது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் எழுதியது தப்பு இல்லை.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். அவருக்காகச் செபிப்பதாகச் சொல்கிறீர்கள், அது வேண்டாம். வெள்ளி காலை பத்தரைக்குக் கோர்ட். அதற்குள் வக்கீல் ஒரு தாள் தயார் செய்ய வேண்டும். அன்று இருந்தீர்களா, இல்லையா? இதன் அடியிலேயே ஒரு வார்த்தை எழுதி நாளை மாலை ஆறு மணிக்குள் கொடுத்தனுப்புங்கள். இல்லை என்றாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.